மகுடக் கப்பல் நின்ற ஆறு மாதம்

எங்கள் தீவு நாட்டின் நாஹா துறைமுகச் சந்தையில் டோஃபு என்ற சோயாக் கட்டி விற்ற மௌஷியின் பெயரை எடுத்தால் எங்கள் தெருவில் இன்றும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவளோடு வாழ்ந்தவன் கென்சுகே, சத்சுமா அலுவலகத்தில் எழுத்தர். நான்கு வயதில் ஒரு மகள், சிரு.

எங்கள் அரசருக்கு மகுடம் தருபவர் சீனப் பேரரசர். எங்கள் கழுத்தைப் பிடித்திருப்பவர்கள் ஜப்பானின் சத்சுமாக்காரர்கள். இது சீனருக்குத் தெரிந்தால் அவர்களோடு நடக்கும் வணிகம் போய்விடும் என்று பயம். அதனால் மகுடத்தோடு சீனத் தூதர் வரும் மகுடக் கப்பல் வந்ததும், கென்சுகே உட்பட சத்சுமாக்காரர் அத்தனை பேரும் குஸுகுமா கிராமத்தில் போய் ஒளிந்துகொள்வார்கள். சீனர் கேட்டால் சொல்லவேண்டிய பதில்களைத் தெரு அதிகாரி வீடு வீடாக வந்து மனப்பாடம் செய்ய வைப்பார்.

கப்பல் வந்த மூன்றாம் மாதம் சிருவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் "அப்பா" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் இல்லை. மௌஷி அதிகாரியிடம் ஓடினாள்.

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகட்டும் ஐயா. முகத்த மூடிக் கூட்டிட்டு வரேன்."

"யாரு?"

"அவ அப்பா."

"சத்சுமாக்காரன்னு இந்த ஊர்ல யாருமே இல்லியேம்மா."

"எங்கிட்டயுமா நடிக்கிறீங்க? மூணு மாசம் முன்னாடி வரைக்கும் அவருக்குக் கும்பிடு போட்டவர்தானே நீங்க?"

"நாக்க அடக்கு. உன் ஒருத்திக்காக நாட்டையே கவுக்கச் சொல்றியா?"

அன்று தூதர் கூட்டத்துச் சீன வைத்தியர் மொழிபெயர்ப்பாளனோடு வந்தார். அவளிடம் டோஃபு வாங்கிப் பழகியவர். நாடி பார்த்துவிட்டு, அப்பா எங்கே என்று கேட்டார்.

"செத்துட்டாரு," என்றாள் மௌஷி. பாடம் அப்படி.

வைத்தியர் மெல்ல ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளன் தரையைப் பார்த்தபடி பேசினான். "குஸுகுமாவுல இருக்காருன்னு தெரியும்கிறாரு. கப்பல் சமையக்காரனுக்குக்கூடத் தெரியுமாம். கண்டுக்காதீங்கன்னு அவங்க பெரியவங்க உத்தரவு. கண்டுக்கிட்டா அவங்களும் சரக்கு விக்க முடியாதுல்ல. சீக்கிரம் கூப்பிட்டுக்கோங்கிறாரு, அக்கா."

மௌஷி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். குஸுகுமா வழியிலிருந்த சாவடியில் காவல்காரன் மறித்தான்.

"சீனக்காரங்களுக்கே தெரியுமாம்ப்பா. விடு."

"தெரிஞ்சா அவங்க சொல்லட்டும். நாம சொல்லக்கூடாது. திரும்பிப் போ."

அவள் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் சிரு அந்தச் சாவடி வாசலிலேயே இறந்தாள்.

ஆறாம் மாதம் வாடைக் காற்றில் மகுடக் கப்பல் கிளம்பியது. கென்சுகே திரும்பி வந்தான், ஒளிந்திருந்த சிரமத்துக்காக அரண்மனை கொடுத்த இரண்டு சாடி மதுவோடு. விஷயம் தெரிந்ததும் சுவரில் தலையை மோதி அழுதான். மாலையில் தெரு அதிகாரி துக்கம் விசாரிக்க வந்தார். சாடிகளை அவர்கள் இருவரும் உட்கார்ந்து திறந்தார்கள்.

மறுநாள் டோஃபுத் தட்டோடு சந்தைக்குப் போன மௌஷி அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.