அறுபத்து நான்கில் இருபத்தேழு

பால் கணக்கு என்றாலே எனக்குக் கண் சொருகிவிடும். காணைப் பக்கமிருந்து ஞாயிறுதோறும் டவுன் பஸ் ஏறி, விழுப்புரத்தில் ஒரு மாடியறையில் நடந்த தேர்வுப் பயிற்சிக்குப் போவேன். வாரமெல்லாம் கரும்பு வெட்டிய உடம்பு. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்ததும் போர்டில் இருக்கும் எண்களெல்லாம் மெல்ல மிதக்கத் தொடங்கும்.

ஒரு பால்காரரின் டிரம்மில் அறுபத்து நான்கு லிட்டர் பால். பதினாறு லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறார். இப்படி மூன்று முறை செய்தால் மிஞ்சும் பால் எவ்வளவு? அந்த மகராசனைப் பிடித்து உள்ளே தள்ளாமல் நம்மிடம் கேள்வி கேட்கிறார்களே என்று எரிச்சல் வரும். மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, கழித்தால் பதினாறு என்று போடுவேன்.

"ரெண்டாவது தபா எடுக்கறது வெறும் பாலு இல்லப்பா, தண்ணி கலந்த பாலு" என்பார் வாத்தியார். தலையாட்டுவேன். மறுவாரமும் பதினாறுதான் வரும்.

முந்தைய தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் வேலை கைநழுவியது. அது இந்தக் கணக்குதான் என்று இன்றும் நம்புகிறேன். "உனுக்கு வேல கெடச்சிட்டா நான் களை எடுக்கப் போறத நிறுத்திடுவேன்டா" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதே இடுப்பு சரியாக நிமிரவில்லை.

அடுத்த தேர்வு திண்டிவனத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில். கடைசிக் கேள்வியாக அதே கணக்கு. வெளியே வெயில் வெள்ளையாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரம் மங்கி, அந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கூழ்ப்பானை வந்து நின்றது. காலையில் கேப்பைக் கூழ் கரைத்தால் நாலு சொம்பு. அப்பாவுக்கு ஒரு சொம்பு மொண்டதும் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கலக்குவாள். மத்தியானத்துக்கும் வேண்டுமே. அண்ணனுக்கு மொண்டதும் ஊற்றுவாள், எனக்கு மொண்டதும் ஊற்றுவாள். கடைசியில்தான் அவள் குடிப்பாள். "எனுக்குத் தண்ணியா இருந்தாதான் எறங்குது" என்பாள். நாங்களும் நம்பினோம்.

பேனா தானாக நகர்ந்தது. அறுபத்து நான்கு, நாற்பத்தெட்டு, முப்பத்தாறு, இருபத்தேழு. விடை சரிதான். அம்மாவின் சொம்பில் பாதிக் கூழ்கூட இருந்ததில்லை. மணி அடிக்கும்வரை அந்த இருபத்தேழையே பார்த்துக்கொண்டு அழுதேன்.

வேலை பிறகு கிடைத்தது. ஆனால் தேர்வு எழுதிய அன்று சாயங்காலமே, வீட்டுக்குப் போனதும் நானே கூழ் கரைத்தேன். அப்பாவும் அண்ணனும் இன்னும் வந்திருக்கவில்லை. முதல் சொம்பை மொண்டு அம்மாவிடம் நீட்டினேன்.

"இன்னாடா இது, இவ்ளோ கெட்டியா? அப்பாவுக்கு எடுத்து வை."

"நீ குடிம்மா."

நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கமாகச் சிரித்து, சொம்பை மறுபடியும் நீட்டினாள்.