மலைக்கு வெளிக்கிட்டு ஏரிக்குப் போன மாமா

மாமாவின் ஆள்காட்டி விரலில் நகம் ஒரு பக்கம் பிளந்திருக்கும். டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் துணி ஃபக்டரியில் வேலை செய்த காலத்தில் மெஷினுக்குள் அகப்பட்ட விரல் அது. அன்று எங்கள் குசினி மேசையில் அல்ப்ஸ் மலைப் பக்கத்து வரைபடம் விரிந்து கிடந்தது. அந்த விரல் நுளம்பைப் போல அதன் மேல் சுற்றிக்கொண்டிருந்ததே தவிர, ஒரு இடத்திலும் இறங்கவில்லை. ஒஸ்திரியாவில் திரோல் மலைகளுக்கு மேலே கொஞ்சம் நின்றது. பிறகு சுவிஸ் பக்கம் நகர்ந்து, பிரியென்ஸ் என்ற நீளமான ஏரிக்குக் கிட்டப் போய், சூடு பட்டது போலத் திரும்பி வந்தது. "மலைதான் நல்லது," என்றார் மாமா. தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தார். "ஏரியும் நல்லம்தான்," என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதிகம் படிக்காதவன் என்பதால் விளங்கவில்லை என்று அப்போது நினைத்தேன். அது படிப்பால் விளங்குகிற விஷயம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பிள்ளைகளே, அந்தக் கோடையில் நீங்கள் சின்ன ஆட்கள். பெரியவர்களுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மாமா உங்கள் அம்மாவின் மூத்த அண்ணன், கலியாணம் கட்டாதவர். மன்னார் பேசாலையிலிருந்து முதலில் டென்மார்க்குக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்து, தன் இரண்டு தங்கச்சிமாரையும் வெளியே எடுத்துவிட்டவர். உங்கள் அம்மா என்னைக் கட்டி இக்காஸ்டிலேயே இருந்துவிட்டாள். உங்கள் சின்னம்மா சுவிசில் கலியாணம் கட்டி, அந்தப் பிரியென்ஸ் ஏரி முடிகிற இடத்தில் இருக்கும் இன்டர்லாக்கனுக்குப் போனாள். சின்னம்மா பிறந்து கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்தபோது மாமாதான் ஞானத்தகப்பன். பேசாலைக் கோயிலில் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றபோது, பக்கத்தில் பிடித்த மெழுகுதிரி உருகி அவருடைய மணிக்கட்டில் ஊற்றியதாம். பிள்ளை நழுவிவிடும் என்று அவர் கையை அசைக்கவில்லையாம். இதை அவர் பெருமையாக ஒரு நாளும் சொன்னதில்லை. தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால் மட்டும் சொல்வார்.

சுவிசுக்குப் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு சின்னம்மா பெந்தெகோஸ்தே சபையில் சேர்ந்தாள். குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று, அந்த ஏரியிலேயே முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்தாள். வெள்ளை உடுப்போடு பச்சைத் தண்ணீருக்குள் நிற்கும் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. மாமா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்ப அண்டைக்கு நான் தூக்கிப் பிடிச்சது என்ன?" என்று உங்கள் அம்மாவிடம் ஒரு தரம் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, சின்னம்மாவோடும் கதைக்கவில்லை. அவளும் போன் எடுத்துக் கதைக்கவில்லை. சண்டை என்று சொல்ல ஒரு சண்டையும் நடக்கவில்லை. ஒருவர் போன் எடுக்கட்டும் என்று மற்றவர் காத்திருந்து, வருடங்கள் போய்விட்டன.

ஜூலையில் ஃபக்டரிகள் மூடும்போது டென்மார்க்கிலிருந்து தமிழ் ஆட்கள் சுவிசுக்குப் போவது புதினம் இல்லை. ஆனால் நாங்கள் சுவிசில் பார்த்தது வீடுகளை மட்டும்தான். சொந்தக்காரர் இருக்கிற ஊருக்குள் போய் அவர்கள் வீட்டில் சாப்பிடாமல் திரும்பினால், அது முகத்தில் அடித்தது போல. ஆகவே ஒரு வீட்டில் மத்தியானம், அடுத்த வீட்டில் தேத்தண்ணி, மூன்றாவது வீட்டில் படுக்கை. மூத்தவள் பள்ளிக்கூடத்தில் சுவிஸ் பற்றிச் சொல்லவேண்டி வந்தபோது, அங்கே சோஃபாக்கள் பெரிது என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, "அப்பா, அங்கே உண்மையாகவே மலை இருக்கா?" என்று டெனிஷில் கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த முறை கூடாரம், காம்பிங், சொந்தக்காரர் வீடு கிடையாது என்று வாக்குக் கொடுத்தேன். மாமாவும் வருவதாகச் சொன்னார். குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

ஒஸ்திரியாவில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. திரோலில் மலைக்கு மேலே ஒரு காம்பிங் இடம் நல்லது என்று இக்காஸ்டுக்குக் கிட்ட, பிராண்டேயில் என்னோடு வேலை செய்த டெனிஷ்காரர் சொன்னார். இராவில் குளிரும், பசுமாட்டு மணிச் சத்தம் கேட்கும், சோறு அவிக்கக் கரண்ட் இருக்கும் என்றார். ஏரிக்கரை என்றால் பிள்ளைகள் நீந்தலாம், ஆனால் சனமும் இரைச்சலும் என்றார். நான் மலையில் இடம் பிடித்தேன். இரண்டு நாள் கழித்து மாமா போன் எடுத்து, "தம்பி, மலை இறக்கத்தில பிறேக் கருகும். உம்மடை வான் பழசு. பிரியென்ஸ் பக்கம் பாரும்," என்றார். மலையை விட்டுவிட்டு ஏரியில் இடம் கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, "ஏரியில நுளம்பு கூட. பிள்ளைகளை யோசியும். மலையே போதும்," என்றார். திரும்பவும் மலை. அடுத்த கிழமை இன்னொரு தரம் ஏரி, பிறகு மலை. திரோலில் போன் எடுக்கிற பெண்ணுக்கு என் குரல் பழகிவிட்டது. நான் வணக்கம் சொன்னவுடனே, "இப்போது வருகிறீர்களா, வரவில்லையா?" என்று கேட்கத் தொடங்கினாள். உங்கள் அம்மா சிரித்தாள். "அண்ணைக்கே தெரியேல்ல, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

அவள் சொன்னதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் வெளித்தது. ஏரிக்குப் போனால் தங்கச்சியின் வாசலில் கூடாரம் போட்டது போல. அவள் வீட்டுக்குப் போகாவிட்டால், இவ்வளவு தூரம் வந்தும் அவமதித்தார் என்று ஊர் கதைக்கும். போனால், தான் கையில் ஏந்திய ஞானஸ்நானம் ஒன்றுமில்லை என்று தானே ஒத்துக்கொண்டது போல. மலைக்குப் போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அப்படியென்றால் ஏன் திரும்பத் திரும்ப ஏரியைச் சொன்னார்? அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் எங்களுக்கு மூத்தவர். அவருடைய மனதுக்குள் கையை விட்டுத் தேட நான் யார்?

கடைசியில் மலைக்கு என்றுதான் வெளிக்கிட்டோம். ஜெர்மனியில் காசல் தாண்டி, வழி பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், றோட்டோரத்தில் நிறுத்தி இடியப்பம் சாப்பிட்டோம். சம்பல் காரமாக இருக்கிறது என்று சின்னவன் முறைப்பாடு வைத்தான். அவனுடைய இடியப்பத்தில் ஒட்டியிருந்த சம்பலை மாமா பொறுமையாக வழித்து எடுத்தார். பேப்பரில் கையைத் துடைத்துவிட்டு, எனக்கு முகம் காட்டாமல், "தம்பி, பிராங்பேர்ட் பக்கம் திருப்பும்," என்றார்.

"அங்கால போனா சுவிஸ் எல்லோ அண்ணை."

"ஓம். எனக்குத் தெரியும்."

"மலையில இடம் பிடிச்சிருக்கு."

"அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா போன் எடுத்துச் சொல்லும். நல்ல பிள்ளை, விளங்கிக்கொள்ளும்."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். திரோல் பெண் இந்த முறை கோபிக்கக்கூட இல்லை. நல்ல பயணமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஏரிக்கரையில் முன் வரிசை எல்லாம் நிறைந்திருந்தது. எங்களுக்குக் கிடைத்தது கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், சரிவான ஒரு துண்டு நிலம். அங்கிருந்து பார்த்தாலும் ஏரி முழுதாகத் தெரிந்தது. அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, யாரோ பால் கலந்துவிட்டது போல. பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் எல்லோரும் ஏரியைப் பார்த்துக் கதிரை போட்டிருந்தார்கள். மாமா மட்டும் தன் கதிரையைத் திருப்பி, ஏரிக்கு முதுகு காட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இவ்வளவு ஆசைப்பட்டு வந்த இடத்தில் இப்படி இருக்கிறாரே என்று எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் தண்ணீருக்குள் விழுந்து கத்தினீர்கள். சத்தம் கொஞ்சம் கூடும்போதெல்லாம் அவர் தலையைத் திருப்பி, நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, திரும்பவும் மலையைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலையில் கறிவேப்பிலை வாங்கவேண்டும் என்றார். "குளிர்ப்பெட்டிக்குள்ள ஒரு கட்டுக் கிடக்குதே அண்ணை," என்றாள் உங்கள் அம்மா. "அது வாடிப்போச்சு," என்றார். நான் திறந்து பார்த்தேன், வாடவில்லை. மூடிவைத்துவிட்டு வானை எடுத்தேன். இன்டர்லாக்கனில் ஒரு தமிழ்க் கடை. எங்கள் ஆட்களின் கடைக்குள் புதிதாக ஒரு தமிழ் முகம் நுழைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் தராசை விட்டுவிட்டு, "நீங்கள் எவடம்?" என்று கேட்டார். எந்தக் கடையிலும் பெயரைக்கூடச் சொல்லாத மாமா அன்று வாய் திறந்தார். டென்மார்க் என்றார், பேசாலை என்றார், தகப்பன் பெயர் சொன்னார். எந்தக் காம்பிங், கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், சாம்பல் நிறக் கூடாரம், நாளை மறுநாள் வரைக்கும் நிற்போம் என்பதைக்கூடச் சொன்னார். தங்கச்சியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. வெளியே வந்து வானில் ஏறியதும், "கடைக்காரன் சரியான விடுப்புக்காரன், எல்லாத்தையும் தோண்டிக் கேக்கிறான்," என்று சலித்துக்கொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் சின்னம்மா வந்தாள். பஸ்ஸில் வந்து, துவாயால் சுற்றிய பெரிய சட்டியோடு சரிவில் ஏறினாள். மாமா கதிரையை விட்டு எழும்பினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது ஒரு பிழையான சொல்லைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன்.

"வெயிலுக்குள்ள நிக்காத. இரு," என்றார் மாமா.

சின்னம்மா அவருடைய கதிரையில் இருந்து, சுற்றிப் பார்த்தாள். "எல்லாரும் ஏரியைப் பாத்து இருக்கினம். நீங்கள் என்ன அண்ணை, கோவிச்ச பிள்ளை மாதிரி?"

"மலை பாக்க வந்தனான்."

"மலை பாக்கிறதெண்டா ஒஸ்திரியாவுக்கு எல்லோ போயிருக்கோணும்."

"அங்கையும் இடம் பிடிச்சதுதான்," என்றாள் உங்கள் அம்மா. "மூண்டு தரம்." சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா மலையைப் பார்த்தார்.

சட்டிக்குள் கணவாய்க் கறி. மாமாவுக்கு உயிர். சோறு போட்டதும் அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முடித்துவிட்டார். சின்னம்மா கண்ணை மூடி, சபையில் செய்வது போல, வாய்விட்டு நீளமாகச் செபிக்கத் தொடங்கினாள். பயணத்துக்கு நன்றி, பிள்ளைகளுக்கு நன்றி, அண்ணைக்கு நன்றி. சோறு ஆறுகிறது என்று சின்னவன் டெனிஷில் முணுமுணுத்தான். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். "பொறு அப்பு, சின்னம்மா முடிக்கட்டும்," என்றார் அவர், மெல்லமாக. அவள் முடித்தபோது, "ஆமென்," என்று அவருடைய குரல்தான் முதலில் வந்தது.

பின்னேரம் சின்னம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். கொஞ்ச நேரத்தால் மாமாவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். களுசானை மடித்துவிட்டு, கணுக்கால் நனையும் வரை இறங்கி நின்றார். சின்னம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன குளிர் இது," என்றார். பிறகு, "இதுக்குள்ளயோ?" என்றார்.

"ஓம் அண்ணை. இதுக்குள்ளதான்."

மாமா குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். "காய்ச்சல் கீய்ச்சல் ஒண்டும் வரேல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை."

ஞானஸ்நானத்தைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் கதைத்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் கதைத்ததாக நான் அறியவில்லை. மாமா தன் கோயிலிலேயே இருந்தார், சின்னம்மா தன் சபையிலேயே இருந்தாள். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் வரும், போகும். மாமா அவளுடைய வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்தப் பயணத்திலும் இல்லை, பிறகும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் அவள்தான் இக்காஸ்டுக்கு வந்து போனாள். இது சமாதானமா, பாதிச் சமாதானமா என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும்போது, நீங்கள் பின்னால் நித்திரை. மாமா முன்னால் என் பக்கத்தில் இருந்தார். "தம்பி, கண்டனீர்தானே? நான் கூப்பிடேல்ல. அவளாத்தானே வந்தவள்?" என்று கேட்டார். கறிவேப்பிலை என் நாக்கு நுனி வரை வந்தது. "ஓம் அண்ணை," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

போன மாரிக் குளிரில் மாமா தவறினார். அடக்கம் முடிந்து ஆட்கள் எல்லோரும் போன பிறகு, சின்னம்மா எங்கள் குசினியில் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து அடுக்கினேன். அவள் பைப்பை மூடாமலே கேட்டாள். "அத்தான், அண்ணை டென்மார்க்கில இருந்து கூடாரத்தோட வந்து என்ரை வாசலில இருந்தவர். அவர்தானே முதல் வந்தவர்? நான் பிறகுதானே போனனான்?" அவளுடைய கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"ஓம்," என்றேன்.

பிள்ளைகளே, இரண்டு பேருக்கும் நான் ஓம் சொன்னேன். ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்குச் சொல்லவில்லை. இரண்டு ஓமும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்று யோசித்து யோசித்து எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எதைத் திருப்பி எடுப்பது என்றும் தெரியவில்லை. அன்று அந்தக் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்ததை நீட்டச் சொன்னேன். சின்னம்மா நீட்டினாள்.