கட்டத்துக்குள் வந்த மரக்கட்டை

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டூர் பக்கம், கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிற ஒரு ஓடையின் கரையில் நான் குப்புறப் படுத்திருந்தேன். என் மனைவி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். பொம்மைகளைப் போட்டோ எடுக்கத்தான்.

எங்கள் வீடு கராச்சர்மாவில். நான் ராமநாதபுரத்துக்காரன், கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து அரசு அலுவலகத்தில் கிளார்க். அவள் தீவிலேயே பிறந்தவள், தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். ஒரு அடி உயர ராணுவ வீரர் பொம்மைகளை மெயின்லேண்டிலிருந்து வரவழைத்து, அவற்றை வைத்துப் படக்கதை செய்வது என் பைத்தியம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போட்டோ, அதில் வசனம். முடிந்ததும் இன்டர்நெட்டில் போடுவோம். பார்ப்பவர்கள் சில நூறு பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்தச் சில நூறு பேருக்காக நான் படுகிற பாடு இருக்கிறதே, ஆபீஸ் வேலையில் அதில் கால்வாசி பட்டிருந்தால் இந்நேரம் பிரமோஷன் வந்திருக்கும்.

கடையில் வருகிற பொம்மை எல்லாம் ஒரே முகம். நான் முகத்துப் பெயின்டைச் சுரண்டி, வேறு பெயின்ட் அடித்து, தாடி வைத்து, தழும்பு போட்டு ஆளையே மாற்றிவிடுவேன். என் பழைய பேன்ட்டை வெட்டி அவள் யூனிஃபார்ம் தைப்பாள். கிழிந்த பனியன் துணியில் விரல் நீள மூட்டைகள் தைத்து மணல் நிரப்பினால் பதுங்கு குழிக்கு மணல் மூட்டை ரெடி. வசனம் எழுதுவதும் அவள்தான். எனக்கு வசனம் வராது.

அன்றைய கதைக்கு நான்கு வீரர்கள் ரப்பர் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து செட் செய்திருந்தேன். தெர்மகோலில் பதுங்கு குழி, தீக்குச்சியில் வேலி. அதோடு ஒரு குட்டி எச்சரிக்கைப் பலகையும். இங்கே ஓடைக்கரைகளில் முதலை இருக்கிறது, தண்ணீரில் இறங்காதே என்று போர்டு வைத்திருப்பார்களே, அதேதான். பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி, மஞ்சள் அடித்து, முதலையின் பல்லை ஒவ்வொன்றாக ஊசி முனையில் வரைந்திருந்தேன். அதைக் கொண்டுவந்து நட்டு வைத்து, நிஜம் மாதிரியே இருக்கு என்று பெருமை வேறு. நிஜப் போர்டு பஸ் இறங்கிய இடத்திலேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் வந்தோம்.

கரை ஓரத்தில்தானே, பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். இந்தப் புத்திக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

பொம்மை பெரிய ஆளாகத் தெரிய வேண்டுமென்றால் கேமராவும் கண்ணும் பொம்மையின் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். அதனால் எப்போதும் படுத்துத்தான் எடுப்பேன். தண்ணீர் அசையவும் கூடாது. ஒரு அடி ஆளுக்குப் பக்கத்தில் அலை எழும்பினால் வாளித் தண்ணீரில் எடுத்த படம் மாதிரி ஆகிவிடும். அதனால் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன், நான் படம் எடுக்கும்போது கல் மாதிரி நிற்க வேண்டும் என்று. எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. படம் எடுக்கும்போது பொம்மைகளோடு பேசுவேன். "வாடா, இன்னும் கொஞ்சம் வா, அப்படித்தான்" என்று. அவள் அதைக் காதிலேயே வாங்க மாட்டாள்.

படகைத் தூண்டில் நரம்பில் கட்டி, மறுமுனையை அவள் விரலில் சுற்றியிருந்தாள். முதல் படம் எடுத்தேன். படகுக்குப் பின்னால், கடல் பக்கம், ஒரு மரக்கட்டை மிதந்தது. பார்க்க அருமையாக இருந்தது. வெறும் தண்ணீரை விட அது இருந்தால் ஆறு மாதிரியே தெரியும். ஆனால் படகும் கட்டையும் ஒரே நேர்கோட்டில் வரவில்லை. "இன்னும் ரெண்டு அடி உள்ள போ" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள்.

நான்கைந்து படம் எடுத்ததும் கேமராத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இது வழக்கம். முந்தைய கட்டத்தில் தொப்பி சாய்ந்திருந்தால் அடுத்த கட்டத்திலும் சாய்ந்திருக்க வேண்டும் இல்லையா, அதைச் சரிபார்க்க. தொப்பி சரியாக இருந்தது. துப்பாக்கி சரி. கட்டைதான் சரியில்லை. முதல் படத்தில் தூரத்து அலையாத்தி மர வேர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றாவதில் அந்த வேர்களைத் தாண்டியிருந்தது. கடைசிப் படத்தில் படகுக்கும் அதற்கும் நடுவே ஒரு பஸ் நீளம்கூட இல்லை.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, கட்டை நகர்ந்து படத்தைக் கெடுக்கிறதே என்று. பிறகு தண்ணீரைப் பார்த்தேன். வற்றம், கடல் தண்ணீர் இறங்குகிற நேரம். இலை, சருகு எல்லாம் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கட்டை மட்டும் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

கத்தினால் அவள் பதறி விழுந்துவிடுவாளோ, தண்ணீரை அடித்துவிடுவாளோ என்று பயம். மெதுவாக, "வா, வெளிய வா" என்றேன். அவள் அசையவே இல்லை. "வா, சீக்கிரம் வா" என்றேன். ம்ஹும். படகையே பார்த்துக்கொண்டு, மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு நின்றாள். நான் பொம்மைகளோடு பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். கல் மாதிரி நிற்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தானே.

எழுந்தேன். படம் எடுக்கும்போது நான் எழுந்ததே கிடையாது. எழுந்த வேகத்தில் நேராக அவளை நோக்கி நடந்தேன், நடுவில் என் செட் இருக்கிறது என்பதே தெரியாமல். பதுங்கு குழி காலடியில் நொறுங்கியது. வேலி முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பினாள். அவள் முந்தானை பட்டால் கூட வீட்டை இரண்டாக்குகிற ஆள், தன் செட்டைத் தானே மிதித்துக்கொண்டு வருகிறான் என்றதும் அவள் முகம் மாறியது. ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் நீட்டிய கையைப் பார்த்து வந்தாள். அவசரப்படாமல், சேற்றில் காலை உருவி உருவி, ஐந்தாறு அடிதான். அந்த ஐந்தாறு அடி முடியவே இல்லை எனக்கு.

மணிக்கட்டைப் பிடித்துக் கரையில் ஏற்றிப் பின்னால் இழுத்துப் போனேன். கட்டை இருந்த இடத்தில் கட்டை இல்லை. சத்தமே இல்லாமல் முங்கியிருந்தது. "என்னங்க ஆச்சு, க்யா ஹுவா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் படகு இருந்த இடத்தில் தண்ணீர் பிளந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு தாடை. அவ்வளவுதான் பார்த்தேன். நரம்பு சுண்டி இழுத்து, அவள் விரலை அறுத்துவிட்டுத் தெறித்தது. நான்கு வீரர்களும் படகோடு போனார்கள்.

ரோட்டுக்கு எப்படி ஏறினோம் என்று தெரியாது. பஸ்ஸில் அவள் விரலில் என் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். லம்பா லைன் ஸ்டாப்பில் இறங்க வேண்டிய ஒரு அம்மா பக்கத்து சீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமா என்று கேட்டார். நான் கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினேன். வீட்டில் அவள்தான் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

உண்மையான பயம் எனக்கு அடுத்த நாள்தான். இரண்டு அடி விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. மத்தியானம் ஆபீஸிலிருந்து சாப்பிட வந்தால், அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசனம் எழுதுகிறவளுக்குப் படம் பார்க்கச் சொல்லித் தர வேண்டுமா? கடைசிப் படத்தில் நிறுத்தினாள். படகும் கட்டையும் ஒரே கோட்டில், அழகாக. நாங்கள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், சொல்லவே நாக்கு கூசுகிறது.

"என்னை உள்ள போகச் சொன்னது இதுக்காகவா?"

ஆமாம் என்றேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. சாதம் போட்டாள். சாப்பிட்டு எழும்போது மட்டும், "அதுல நான் எங்கயுமே இல்ல பாருங்க" என்றாள். படத்தில் அவள் விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்து ஓரத்தை வெட்டி எடுத்தவன் நான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமரா வழியாகவே பார்த்ததில், படத்துக்கு வெளியே நின்றவள் என் கணக்கிலேயே இல்லாமல் போயிருந்தாள்.

அந்தக் கதையை நாங்கள் முடிக்கவில்லை. பொம்மை வேலையை விடவும் இல்லை, விட வேண்டாம் என்று சொன்னது அவள்தான். இப்போதெல்லாம் ஆறு, கடல் எல்லாம் எங்கள் மொட்டை மாடியில்தான். அங்கே விரித்த நீல பாலித்தீன் மேல் அவள் கால் வைக்கும்போது கூட, நான் முதலில் எழுந்து நின்று, இரண்டு கண்ணையும் திறந்து, அவளைச் சுற்றி நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.