ஜெசிந்தாவின் ஆறு புள்ளிகள்

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி சாவுச் செய்தி சொல்ல அழைத்தார். “எங்கடை ஜெசிந்தா மோசம் போயிட்டா” என்றார். மூன்று மாதமாக ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் ஒருநாளும் பார்க்கப் போகவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது பொய்.

கொழும்புத்துறையில் மீன்பிடிப் படகு கட்டும் எங்கள் பைபர் போட் பட்டறையில் கணினியில் படம் வரைந்தவர்கள் இரண்டு பேர்தான்: குருநகர் ஜெசிந்தாவும் உரும்பிராயிலிருந்து போய்வரும் நானும். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். “அண்ணை” என்றுதான் கூப்பிடுவார். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. அதை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போட்டின் குறுக்கே வளைவுகளை வரைந்து, அவற்றின் மேல் மேற்பரப்பை இழுத்து மூடுவதுதான் எங்கள் முறை. எந்த வளைவுக்கும் ஜெசிந்தா, அதை வளைத்துப் பிடிக்கும் புள்ளிகள் ஆறுக்கு மேல் வைக்கமாட்டார். எல்லா வளைவுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒன்றில் ஒன்பதும் இன்னொன்றில் பதினொன்றும் வெவ்வேறு இடங்களில் இருந்தால், கணினி அத்தனையையும் சேர்த்து மேற்பரப்பின் தலையில் கட்டிவிடும். பிறகு ஒரு இடத்தைச் சரிசெய்தால் இன்னொரு இடம் புடைக்கும். “ஆறு காணும் அண்ணை, அதுக்கு மேலை தேவையில்லை. அளந்ததெல்லாம் உண்மை எண்டு நினைக்காதேங்கோ. எங்கடை கை நடுங்கினதையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறம்” என்பார். எனக்கு எரிச்சல் வரும்.

நான்கு வருடத்துக்கு முன் தொண்டைமானாற்றுக்காரர் ஒருவர், நன்றாக ஓடும் தன் பழைய போட்டைக் கொண்டுவந்து அதேபோல் இன்னொன்று கேட்டார். ஜெசிந்தா அதை அளந்து, வரைந்து முடித்துவிட்டு, மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் விழாவுக்காக இரண்டு நாள் லீவில் போனார். நான் படத்தைத் திறந்து பார்த்தேன். அளவெடுத்த புள்ளிகளிலிருந்து சில வளைவுகள் நகக்கண் அளவு விலகியிருந்தன. பிடித்தேன் பிழையை என்று துள்ளினேன். அளந்த புள்ளி ஒன்றுவிடாமல் வைத்து, வளைவுகளையெல்லாம் மாற்றி வரைந்தேன். படத்தின் மூலையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. பைபர் வார்க்கும் அச்சை வெட்டக் கொழும்புக்குப் படத்தை அனுப்பியும் விட்டேன்.

அச்சு வந்து, மினுக்கி, வெளிச்சத்தில் பார்த்தபோது இரு பக்கமும் அலை அலையாக இருந்தது. முதலாளி எல்லோருக்கும் முன்னால் ஜெசிந்தாவைப் பார்த்துக் கத்தினார். “என்ன பிள்ளை இது? வெயிலிலை காயப்போட்ட அப்பளம் மாதிரிக் கிடக்கு!”

ஜெசிந்தா கணினியில் படத்தைத் திறந்தார். திரை முழுக்கப் புள்ளிகள் எறும்பு மொய்த்ததுபோல் கிடந்தன. அவை யாருடைய கைவேலை என்று கேட்கவேண்டிய தேவையே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, நீங்கள் ஏதும் சொல்லப்போறியளோ?”

“நான் உந்தப் படத்தைத் தொடேல்லை” என்றேன்.

அவர் படத்தை மூடினார். பிறகு முதலாளியிடம், “சரி, நான் திருத்திறன்” என்றார். இரண்டு வாரம் வேலையாட்களோடு நின்று அந்த அச்சைத் தேய்த்தார். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். அடுத்த படம் வரைந்து முடித்ததும், வழமைபோல, “ஒருக்காப் பாருங்கோ அண்ணை” என்று என்னைத்தான் கூப்பிட்டார். அன்று நான் செத்துப்போயிருக்கலாம் போலிருந்தது.

அடக்கத்தன்று சேமக்காலையில் குழியருகே முதலாளி கண்ணைத் துடைத்தபடி, “ஒரேயொரு போட்டிலைதான் பிள்ளை பிழை விட்டவ” என்றார். பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவின் கணவர் தலை குனிந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பட்டறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தப் படத்தைக் கெடுத்தது நான். ஜெசிந்தா ஒரு போட்டிலும் பிழை விடவில்லை. இன்று நான் வரைகிற ஒவ்வொரு வளைவும் அவர் சொல்லித்தந்த முறைதான். அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். நாளைக்கு அவருடைய கணவரிடமும் மகளிடமும் நேரில் போய்ச் சொல்வேன். ஜெசிந்தாவிடமே சொல்ல எனக்கு நான்கு வருடம் இருந்தது. எங்கள் மேசைகளுக்கு இடையே எட்டடி தூரம்தான்.