வெறும் எண்ணெய் குடித்த எலிகள்

எலி அறுக்கிற வேலையில் அண்ணி கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டார். அந்த ஆய்வுக்கூடத்தில் என்னைக் கூண்டு கழுவச் சேர்த்துவிட்டதும் அவர்தான். படிப்பைப் பாதியில் விட்டவள், நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள் என்று அண்ணன் தயங்கினார். "எலிங்க என்ன கேள்வியா கேக்கப்போகுது?" என்றார் அண்ணி. முதல் நாளே எனக்குப் 'பூனை' என்று பேர் வைத்துவிட்டார். சத்தமில்லாமல் நடக்கிறேனாம்.

அங்கே பிளாஸ்டிக், பூச்சிமருந்து, பெயின்ட் என்று பல இடங்களிலிருந்து சாம்பிள் வரும். அது உடம்புக்குள் போனால் பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யுமா என்று பார்ப்பதுதான் சோதனை. இன்னும் பருவத்துக்கு வராத பெண் எலிக்குட்டிகளுக்கு அதை எண்ணெயில் கலந்து சில நாள் புகட்டுவார்கள். பிறகு அறுத்து, கர்ப்பப்பையை எடுத்து எடை போடுவார்கள். ஹார்மோன் வேலை செய்திருந்தால் பை நீர் கோத்து வீங்கியிருக்கும். ஒரு கூட்டத்துக்கு மட்டும் வெறும் எண்ணெய். அவற்றின் பை நூல் மாதிரி மெலிந்திருக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதெல்லாம் தெரியும். பையைக் கீறாமல், உள்ளே இருக்கும் நீர் சிந்தாமல், ஒட்டியிருக்கும் கொழுப்பை வழித்தெடுப்பது அண்ணியின் வேலை. புகட்டுவதும் அவர்தான்.

எண்ணெய் எலிகள் வீங்க ஆரம்பித்தபோதுதான் வினை வந்தது.

முதலில் தீனியில் சோயா இருக்கிறது, அதனால்தான் என்று தீனியை மாற்றினார்கள். மறுபடியும் வீங்கியது. பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ கசிகிறது என்று ஸ்டீல் கூண்டும் கண்ணாடி பாட்டிலும் வாங்கினார்கள். அப்புறமும் வீங்கியதும் எல்லோர் பார்வையும் அண்ணி மேல் திரும்பியது. ஹார்மோன் கலந்த எண்ணெயும் வெறும் எண்ணெயும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். பாட்டிலை மாற்றி எடுத்திருப்பாரோ?

"இந்தத் தடவை வெறும் எண்ணெய் மட்டும், ஆளுக்குப் பாதி புகட்டுங்க" என்றார் டைரக்டர். பாதி எலி அண்ணிக்கு, பாதி தாடிக்கு. தாடி அண்ணிக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன்; அந்தப் பேரும் அண்ணி வைத்ததுதான். அண்ணியின் மேசை மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண்.

அறுக்கிற நாளில் நான் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். தாடி புகட்டிய எலிகளின் பை ஒவ்வொன்றும் நூல். அண்ணி புகட்டியவை உளுந்தை ஊறவைத்த மாதிரி உப்பியிருந்தன. அறுத்தது எல்லாமே அண்ணியின் கைதான். அதனால் கத்தியைக் குறை சொல்லவும் வழியில்லை.

"பாட்டில் மாறிப்போச்சுக்கா. ஒத்துக்கோங்களேன்" என்றான் தாடி. "வயசானா கண்ணு மங்கறது சகஜம்தானே?"

"என் கண்ணுக்கு என்ன? உன் தாடியில தொங்கற பிஸ்கட் தூள் வரைக்கும் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும்மா. இல்லேன்னா மேசையை அவர்கிட்ட குடுத்துடுங்க."

அண்ணி கழுவும் அறைக்கு வந்து குழாயைத் திறந்தார். அரைக்கை கோட்டுக்குக் கீழே தெரிந்த கையைத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். புகட்டும் முன் குட்டியை முழங்கை மடிப்பில் படுக்கவைத்துத் தடவிக்கொடுப்பது அவர் வழக்கம். கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடும். குட்டி அடங்கிப்போய் அவர் தோலை நக்கிக்கொண்டு கிடக்கும்.

"பூனை" என்றார் திரும்பாமல். "தினம் காலையில உடை மாத்தற ரூம்ல நான் கையில தடவறேனே, அது என்ன மருந்து?"

"ஜெல்லுதானே அண்ணி. ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் குடுத்த ஹார்மோன்..."

சொல்லும்போதே எனக்கும் விளங்கிவிட்டது.

போன வருஷக் கடைசியில், எலிகள் வீங்க ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பு, அண்ணிக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். வேலை இடத்தில் குடலிறக்கம் என்று சொல்லி லீவு போட்டிருந்தார். அந்த ஜெல் ட்யூபைப் பற்றி அண்ணனிடம்கூட மூட்டுவலி மருந்து என்றுதான் சொல்லிவைத்திருந்தார்.

"அத்தனை ஆம்பளைங்க நடுவுல இதை எப்படிச் சொல்றது? பாட்டில் மாறிப்போச்சுன்னே சொல்லிடறேன். மேசை போனாப் போகட்டும்."

"நான் வேணா சொல்லட்டுமா?" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஆரம்பிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த எலி கிழவியாயிடும்." சிரித்தார். சிரித்த வாய் கோணிக்கொண்டு அழப்போனது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"பாட்டில் மாறல சார்" என்றார். கை இரண்டையும் நீட்டினார். "எனக்குக் கர்ப்பப்பை இல்ல, சினைப்பையும் இல்ல. அதுக்காக இந்தக் கையில தினமும் ஹார்மோன் ஜெல் தடவறேன். குட்டிங்களை இதுமேலதான் படுக்கவெச்சேன். நக்கியிருக்கும். அது ஒண்ணுதான் எனக்கும் இவனுக்கும் வித்தியாசம்."

தாடி தரையைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டைரக்டர்.

"எனக்கே இப்பத்தான் சார் புரிஞ்சுது."

"இது சரியான்னு இன்னொரு தடவை பார்த்துடுவோம். எல்லாத்துக்கும் அவரே புகட்டட்டும். மேசை உங்களோடதாவே இருக்கட்டும். உயிரோட இருக்கற எலியை மட்டும் நீங்க தொடாதீங்க."

அண்ணி தலையாட்டினார். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அடுத்த தடவை அண்ணி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளே தாடி குட்டியை வாலைப் பிடித்துத் தூக்கினான். அது கீச்சிட்டது. அண்ணி கண்ணாடியைத் தட்டினார்.

"டேய், அதென்ன சாவிக்கொத்தா? அடிவயித்தைத் தாங்குடா!"

அவன் முழுக்கைச் சட்டை மேல் குட்டியைக் கோணல்மாணலாகப் படுக்கவைத்தான். குட்டி நக்கிப் பார்த்தது. துணிதான் கிடைத்தது.

அறுக்கிற நாளில் எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. இருந்தாலும் காய்ந்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். அண்ணி முதல் பையை எடுத்து, கொழுப்பை வழித்து, தராசில் வைத்தார். தாடி கழுத்தை நீட்டினான்.

"என்னக்கா?"

அண்ணி நிமிரவில்லை. "நூலு. அடுத்ததைக் குடு."