பை சோதிக்கும் அம்மா

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டில், ஷிப்ட் முடிந்து வரும் பெண்களின் பைகளைச் சோதிக்கும் செக்யூரிட்டி அம்மா அவர். காக்கிச் சட்டை, கொண்டையில் கனகாம்பரம். பையைத் துழாவ மாட்டார். இரண்டு விரல்தான் உள்ளே போகும். ஒருநாள் என் தலைவலி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எம் பையன் பேன்ட்லயும் அட்ட கீதும்மா. பதினொன்னாவது படிக்கிறான். போதைக்குப் போடுறான்.”

“தூக்கிப் போட்டீங்களா?”

“போன தபா போட்டேன். மூணு நாள் வூட்டுக்கே வரல. இந்த தபா எடுத்த எடத்துலயே வெச்சுட்டேன். சரிதானேம்மா?”

அந்த அம்மா அட்டையை உள்ளே வைத்து ஜிப்பை மூடினார்.

அறைக்கு வந்து பையைத் திறந்தேன். சீப்புக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே, நான் வைத்தபடியே அட்டை இருந்தது. ஒரு கை உள்ளே போய் வந்ததாகவே தெரியவில்லை.