காணிக்கை மெட்டு

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்ட் பக்கத்தில் ஜெயசெல்வியைத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் கிடையாது. அவளைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நினைத்தவர்களும் கிடையாது. பாளையங்கோட்டைக்காரி, டயாலிசிஸ் நர்ஸ், வெளிர்நீல வேன் ஓட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆராதனையில் வயலின் வாசிப்பாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் டெக்சாஸ் முழுக்க ஒலித்த ஒரு கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புற இசை ஆல்பத்தில் வாசித்திருக்கிறாள் என்று 1998 கோடையில் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள்.

ஆரம்பித்து வைத்தவன் டேல். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். மிச்ச நேரத்தில் இரண்டு நண்பர்களோடு 'பேக் போர்ச் மெக்கானிக்ஸ்' என்று ஒரு பேண்ட் வைத்துக்கொண்டு, நடன அரங்கு நடன அரங்காகப் பாடிக்கொண்டிருந்தான். எந்தக் கம்பெனியும் சீந்தவில்லை. நாமே ஆல்பம் போட்டுவிடுவோம் என்று துணிந்து, ரோஸன்பர்க்கில் பழைய மாட்டுத்தீவனக் கடைக்குள் இருந்த ஸ்டூடியோவை இரண்டு நாளுக்குப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய வயலின்காரன் வேறு பேண்டுக்குத் தாவிவிட்டான். ஆஸ்பத்திரி கிறிஸ்துமஸ் விழாவில் ஜெயசெல்வி வாசித்தது டேலுக்கு ஞாபகம் வந்தது. மெஷினைக் கழற்றிப் போட்டபடியே, வருவாயா என்று கேட்டான். தன் வாழ்க்கையில் யாருமே இப்படி எதற்கும் கூப்பிட்டதில்லை என்ற சந்தோஷத்தில், யோசிக்காமல் சரி என்றுவிட்டாள்.

ஸ்டூடியோவுக்குப் போன பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அவளுக்கு நொட்டேஷனைப் பார்த்தோ மனப்பாடமாகவோ வாசிக்கத்தான் தெரியும். அவள் வாசிக்க வேண்டியது, பாரில் கடைசிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு அழும் ஒருவனைப் பற்றிய பாட்டுக்கு. நடுவில் பாட்டு நிற்கும் இடத்தில், "மனசுல வர்றதை வாசி. நான் தலையாட்டினதும் நிறுத்திடு" என்ற அர்த்தத்தில் டேல் ஆங்கிலத்தில் சொன்னான். மனதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் 'தலையாட்டினதும் நிறுத்து' என்ற வார்த்தை மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

ஏனென்றால் ஞாயிறுதோறும் அவள் செய்கிற வேலையே அதுதான். காணிக்கை எடுக்கும்போது காசு போடும் பை எவ்வளவு நேரத்தில் சுற்றி வரும் என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் குறைவென்றால் ஒரு நிமிடம், ஈஸ்டர் என்றால் ஐந்து நிமிடம். அதற்காகவே எங்கே வேண்டுமானாலும் முடிக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்கிற மாதிரி ஒரு மெட்டை அவளே பாளையங்கோட்டைக் காலத்தில் கட்டி வைத்திருந்தாள். பை பீடத்துக்கு வந்ததும் சபைச் செயலாளர் சைலஸ் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார். அவள் நிறுத்திவிடுவாள்.

அந்த மெட்டைத்தான் அன்றைக்கு எடுத்து விட்டாள். டேல் தலையாட்டவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டான். அவளும் நல்ல பிள்ளையாக இழுத்துக்கொண்டே போனாள். ஒருவழியாக அவளே முடித்தபோது டிரம்ஸ்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை வேண்டாம், இதுவே போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. சைலஸ் குடிக்கு எதிரி, சினிமாப் பாட்டுக்கு எதிரி, சத்தமாகச் சிரிப்பதற்கும் கொஞ்சம் எதிரி. மது பரிமாறிய கல்யாண விருந்தில் கீபோர்டு வாசித்த ஒருவர் அடுத்த வாரமே பாடகர் குழுவிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். அந்தக் கதி தனக்கு வந்தால் தாங்க மாட்டாள். வாரம் முழுக்க அடுத்தவர் ரத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறவளுக்கு, ஆராதனையில் உட்கார்ந்து வயலின் வாசிக்கும் அந்தப் பத்தொன்பது வருட நாற்காலி ஒன்றுதான் தனக்கென்று இருந்தது. ஆனால் ஒரு கணக்கு அவளைத் தேற்றியது. தமிழர்களில் எவன் கன்ட்ரி மியூசிக் கேட்கப் போகிறான்? தீவனக் கடைக்கும் தமிழ்ச் சபைக்கும் நடுவில் இருபது மைல்தான் என்றாலும், இங்கே வாசித்தது அங்கே ஒரு நாளும் கேட்காது.

ஆல்பம் ஏப்ரலில் வந்தது. முதலில் டேலின் பிக்கப் டிரக்கின் பின்பக்கத்தில் வைத்துத்தான் விற்றார்கள். ஆஸ்டினில் ஒரு காலேஜ் ரேடியோ, ஆல்பத்தில் நாலாவதாக இருந்த அந்த பார் பாட்டைப் போட்டது. கேட்டவர்கள் மறுபடி கேட்டார்கள். ஆகஸ்டில் ஹூஸ்டன் ஸ்டேஷன்களும் போட ஆரம்பித்தன. அட்டையில் 'ஜே. செல்வி, ஃபிடில்' (கன்ட்ரிக்காரர்கள் வயலினை அப்படித்தான் சொல்வார்கள்) என்று மட்டும் இருந்ததால், இது லூசியானாவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒரு கிழவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகை விமர்சகர் அடித்துச் சொன்னார். டேல் அதை வெட்டி டயாலிசிஸ் மெஷினில் ஒட்டி வைத்தான். ஜெயசெல்வி கிழித்துப் போட்டாலும், போடுவதற்கு முன்னால் நாலு தடவை படித்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, பாடகர் குழுவில் பாடும் சாந்தியை வேனில் ஏற்றிக்கொண்டாள். பின்சீட்டில் மகள் பிரீத்தா. சாந்தி தன் நாத்தனாரின் கிரீன் கார்டு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரீத்தா முன்சீட்டுகளுக்கு நடுவே எட்டி ரேடியோவைத் தட்டிவிட்டாள். பாட்டு ஓடியது. வயலின் தொடங்கியது.

சாந்தி பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் அவள் கை தானாகக் கைப்பையைத் திறந்தது. ஒரு டாலர் நோட்டை எடுத்தது. நாலாக மடித்தது. காணிக்கைப் பையை எதிர்பார்த்து இடப்பக்கம் நீட்டியது. அங்கே ஸ்டீயரிங் வீல்தான் இருந்தது.

"இதை எதுக்கு எடுத்தேன் நான்?" என்றாள் சாந்தி. நோட்டைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், பிறகு ஜெயசெல்வியைப் பார்த்தாள். "ஏ செல்வி... இது நம்ம காணிக்கை மெட்டுல்லா?"

"மாம், தட்ஸ் யூ!" என்று பின்னாலிருந்து கத்தினாள் பிரீத்தா.

"சாந்தி, உனக்குப் புண்ணியமாப் போகும், யார்கிட்டயும் சொல்லாத."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றாள் சாந்தி. அவள் வாயில் எதுவும் நிற்காது என்பது இருவருக்குமே தெரியும்.

அந்த வாரம் முழுக்க ஜெயசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. தன் மெட்டு எங்கே கேட்டாலும் நம் ஜனங்களின் கை பர்ஸுக்குப் போகும் என்று அவள் யோசித்திருக்கவே இல்லை. அவளேதானே பத்தொன்பது வருடமாகப் பழக்கி வைத்திருக்கிறாள்! புதன்கிழமை சைலஸ் வீட்டிலிருந்து போன். "ஞாயித்துக்கிழமை அரை மணி முன்னாடி வா. தனியாப் பேசணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எதுவாக இருந்தாலும் பொய் சொல்வதில்லை என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள்.

சர்ச் பார்க்கிங்கில் தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சைலஸ் நின்றிருந்தார்.

"அண்ணன், அதை வாசிச்சது நான்தான்" என்று முந்திக்கொண்டாள் ஜெயசெல்வி. "காசு வாங்கல. ஆனா குடிக்கிற பாட்டுன்னு தெரிஞ்சுதான் வாசிச்சேன். வாசிக்கும்போது சந்தோஷமாவும் இருந்துச்சு. நாற்காலியை எடுக்கணும்னா எடுத்துக்கோங்க."

சைலஸ் காருக்குள் குனிந்து, டம்ளர் வைக்கிற குழியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் கப்பை இரண்டு கையாலும் தூக்கினார். விளிம்பு வரைக்கும் சில்லறை.

"சாந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஆகஸ்ட்ல இருந்து கேக்கேன்" என்றார். "டெய்லி ரெண்டு மணி நேரம் ஃப்ரீவேல கிடக்கேன். நியூஸ்தான் கேப்பேன், ஒரு நாள் இந்த ஸ்டேஷன் மாறி வந்துச்சு. வயலின் வந்ததும் கை தானா பாக்கெட்டுக்குப் போயிருச்சு. எடுத்த காசை மறுபடி பாக்கெட்டுல போட மனசு வரல. இதுல போட்டேன். மறுநாளும் வந்துச்சு."

"மறுநாளும் அந்த ஸ்டேஷன்தான் வச்சீங்களா அண்ணன்?"

சைலஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. "அதை யார்கிட்டயும் சொல்லாத. நாற்காலி நீ இருக்க இடத்துலயே இருக்கட்டும்."

ஜெயசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேனிலிருந்து வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அன்றைக்குக் காணிக்கை நேரத்தில் அவள் மெட்டைத் தொடங்கினாள். சைலஸ் முன்வரிசையில் எழுந்து நின்று, அந்தக் கப்பைப் பைக்குள் கொட்டினார். சில்லறை கலகலவென்று வெகுநேரம் விழுந்தது. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பை சுற்றி முடிந்து பீடத்துக்கு வந்து சேர்ந்தது. வழக்கம்போல ஜெயசெல்வி தந்தியிலிருந்து வில்லை எடுக்கத் தயாராகி, தலையாட்டுகிறாரா என்று சைலஸைப் பார்த்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அவள் தொடர்ந்து வாசித்தாள்.